சிக்னல் குறைந்த இடத்தில் இணைய வரைபடம் வேகமாகத் திறக்க என்ன செய்யலாம்?

தாம்வே தம்பி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். யாங்கோன் தாம்வேயிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் ஆறேழு பேர் சேர்ந்து பர்மாவில் உள்ள தமிழர் கோவில்கள், பள்ளிவாசல்கள், தேவாலயங்கள், தமிழ் வகுப்பு நடக்கும் இடங்கள், வெளியூர்க்காரர் தங்கக்கூடிய மடங்கள் எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் சேர்த்து வருகிறோம். இதுவரை 1,400 புள்ளிகள் ஏறியிருக்கின்றன.

2025 மார்ச் 28 அன்று 7.7 அளவில் நிலநடுக்கம் மாண்டலே, சகாயிங் பக்கம் தாக்கியதே, அந்த வாரம் குடிநீர் எங்கே, சாப்பாடு எங்கே, மருந்து எங்கே என்று தெரிந்ததையெல்லாம் இதே வரைபடத்தில் ஏற்றினோம். மாண்டலேயில் உதவி வேலைக்காக ஓடிக்கொண்டிருந்த ஓர் அண்ணன் போன் செய்தார். "தம்பி, வெள்ளைத் திரைதான் வருது. நீயே வாசிச்சுச் சொல்லு" என்றார். நான் இங்கே லேப்டாப்பைப் பார்த்து ஒவ்வொரு முகவரியாக வாசிக்க, அவர் அங்கே ஓர் அட்டைப்பெட்டியின் மேல் எழுதிக்கொண்டார். வரைபடம் யாருக்காகச் செய்தோமோ அவருக்கே அது திறக்கவில்லை. இன்னொரு முறை அப்படி ஆகக் கூடாது.

இப்போது இருக்கும் அமைப்பைச் சொல்கிறேன். பிரவுசரில் வரைபடம் காட்டும் லீஃப்லெட் என்ற நிரல் நூலகத்தைப் பயன்படுத்துகிறோம். பின்னணிக்கு, தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் டைல்கள், அதாவது வரைபடத்தின் சிறு சதுரப் படத்துண்டுகள். அதன் மேல் 330 டவுன்ஷிப் எல்லைகளும் ஒரு ஜியோஜேசன் கோப்பாக (இடங்களையும் கோடுகளையும் ஆயத்தொலைவுகளாக எழுதிய உரைக் கோப்பு) வருகின்றன. புள்ளிகள் இன்னொரு கோப்பு. பக்கத்தில் படங்களோடு ஒரு பட்டியல். என் வீட்டு ஃபைபர் இணைப்பில் மூன்று விநாடியில் திறக்கிறது. சித்தப்பாவின் பழைய ஆண்ட்ராய்டு போனில் கடிகாரம் வைத்துப் பார்த்தேன், 1 நிமிடம் 20 விநாடி. மின்சாரம் போன நேரத்தில், டவர் பாதி உயிரோடு இருக்கும்போது, திறப்பதே இல்லை.

டைல் சர்வரை மாற்றிவிட்டால் சரியாகும் என்று எனக்குத் தோன்றுகிறது. வேகமான டைல் சர்வர் எது என்று யாராவது சொல்லுங்கள்.

மோல்மேன் அக்கா

தம்பி, டைல் சர்வர்தான் காரணம் என்று எப்படித் தெரியும்? முதலில் அளந்து பாருங்கள்.

குரோமில் டெவலப்பர் கருவிகளைத் திறந்து நெட்வொர்க் பகுதிக்குப் போங்கள். கேஷை (பிரவுசர் முன்பே சேமித்து வைத்ததை) நிறுத்திவிட்டு, வேகத்தை 3ஜிக்குக் குறைத்து, பக்கத்தை மறுபடி திறங்கள். வரும் கோப்புகளை அளவு வாரியாக அடுக்குங்கள். அப்புறம் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியுவை ஆறு மடங்கு மெதுவாக்கி இன்னொரு முறை ஓட்டுங்கள். இணைப்பு நன்றாக இருந்தும் போன் திணறுகிற வரைபடங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எது நெட்வொர்க், எது சிபியு என்று பிரிக்காமல் மருந்து கொடுக்க முடியாது.

முடிந்தால் சித்தப்பாவின் போனையே யுஎஸ்பி கேபிளில் உங்கள் லேப்டாப்போடு இணைத்து அளந்துவிடுங்கள். கணினியில் மெதுவாக்கிப் பார்ப்பது போனின் சூட்டையும் நினைவகத் தட்டுப்பாட்டையும் காட்டாது.

தாம்வே தம்பி

அக்கா, அளந்தேன். நான் நினைத்ததற்கு நேர்மாறாக இருக்கிறது.

டவுன்ஷிப் எல்லைக் கோப்பு: 11.4 எம்பி
பட்டியலில் உள்ள படங்கள்: 3.1 எம்பி
புள்ளிகள் கோப்பு: 900 கேபி
டைல்கள், முதல் திரைக்கு: 240 கேபி
லீஃப்லெட்: 42 கேபி

டைல்கள் நாலாவது இடத்தில்தான் வருகின்றன. எல்லைக் கோப்பு வந்து சேர்ந்த பிறகும் சித்தப்பாவின் போன் 14 விநாடி அப்படியே உறைந்து நிற்கிறது. விரலை வைத்தால் அசைவே இல்லை.

பெகு நிலஅளவை

இந்த இழையைப் பார்த்துவிட்டு நேற்று இரவு அந்த எல்லைக் கோப்பை வாங்கித் திறந்து பார்த்தேன். முப்பது வருடம் நிலம் அளந்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒவ்வோர் ஆயத்தொலைவிலும் தசமப் புள்ளிக்குப் பின்னால் 14, 15 இலக்கங்கள் இருக்கின்றன. ஒரு பாகை அட்சரேகை என்பது தரையில் சுமார் 111 கிலோமீட்டர். அப்படியானால் ஐந்தாவது தசம இடம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல், ஆறாவது இடம் 11 சென்டிமீட்டர். பதினைந்தாவது இடத்துக்குப் போனால் அணுவுக்குப் பக்கத்தில் போய்விடுவோம். எந்தக் கருவியும் அப்படி அளந்ததில்லை, மென்பொருள் கணக்குப் போட்டபோது ஒட்டிக்கொண்ட வால் அது. ஐந்து இடத்தோடு வெட்டுங்கள். கோப்பு பாதிக்குக் கிட்ட இளைத்துவிடும். எல்லையில் யாரும் ஒரு வித்தியாசமும் காண முடியாது.

அடுத்தது கோடுகளின் விவரம். நாடு முழுதும் தெரிகிற ஆறாவது ஸூம் நிலையில், நம் அட்சரேகையில், திரையின் ஒரு பிக்சல் தரையில் சுமார் 2.3 கிலோமீட்டர். ஐராவதிக் கழிமுகத்தின் ஒவ்வொரு கால்வாய் வளைவையும் முப்பது மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து அனுப்பியிருக்கிறீர்கள். அத்தனை புள்ளிகளும் அந்த ஒரே பிக்சலுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. லீஃப்லெட் ஒவ்வொரு ஸூமுக்கும் தானே கோட்டை எளிமையாக்கித்தான் வரையும். ஆனால் அந்தக் கணக்கைச் சித்தப்பாவின் போன் போடவேண்டும். அந்த 14 விநாடி உறைச்சலில் பெரும்பகுதி அதுவாகத்தான் இருக்கும்.

எளிமையாக்க மேப்ஷேப்பர் என்ற கருவி இருக்கிறது, பிரவுசரிலேயே ஓடும். கோட்டின் வடிவத்துக்கு அதிகம் பங்களிக்காத புள்ளிகளை விஸ்வலிங்கம் முறையில் ஒவ்வொன்றாக நீக்கும். அந்த முறையை 1993-இல் வெளியிட்டவர்களில் ஒருவர் மகேஸ்வரி விஸ்வலிங்கம் என்பது நம் ஆட்களுக்குக் கூடுதல் மகிழ்ச்சி. 1973-இன் டக்ளஸ்-பியூக்கர் முறையும் அதில் உண்டு. ஆனால் ஆற்றங்கரைகளுக்கு விஸ்வலிங்கம் முறைதான் கண்ணுக்கு இயல்பாக இருக்கிறது, டக்ளஸ்-பியூக்கர் முள் முள்ளாக விட்டுவிடும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஒவ்வொரு டவுன்ஷிப்பையும் தனித்தனியாக எளிமையாக்கினால் பக்கத்து இரண்டுக்கும் நடுவே சந்து விழும், சில இடத்தில் ஒன்றன் மேல் ஒன்று ஏறும். பொது எல்லையை ஒரே கோடாகப் பிடித்து இரு பக்கமும் ஒன்றாக மாற்றுகிற கருவிதான் வேண்டும். மேப்ஷேப்பர் அதைச் செய்கிறது. வயலில் இரண்டு பேருக்கு நடுவே ஒரே வரப்புதானே?

நான் செய்து பார்த்ததில் 11.4 எம்பி கோப்பு 420 கேபி ஆனது.

மோல்மேன் அக்கா

ஐயா அருமையாகச் சொல்லிவிட்டார். நான் ஒன்று சேர்க்கிறேன். தம்பி, உங்கள் சர்வர் அந்த ஜியோஜேசனைச் சுருக்காமலேயே அனுப்புகிறது, சர்வர் பதிலோடு அனுப்பும் தலைப்பு வரிகளைப் பார்த்தேன். என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளில் ஜிஜிப் சுருக்கத்தை இயக்கினாலும் இயல்பாக எச்டிஎம்எல் மட்டும்தான் சுருங்கும். ஜேசன், ஜியோஜேசன் வகைகளை நாமே பட்டியலில் சேர்க்கவேண்டும். சேர்த்தால் அந்த 420 கேபி இன்னும் மூன்றில் ஒரு பங்குக்கு வரும். ப்ராட்லி என்ற சுருக்க முறையை வைத்தால் அதைவிடக் கொஞ்சம் குறையும். ஒரு வரி மாற்றம்தான்.

ஆனால் எனக்கு வேறொரு கேள்வி. அந்த எல்லைகள் எதற்கு? தான் எந்த டவுன்ஷிப்பில் இருக்கிறோம் என்று பர்மாவில் எல்லோருக்கும் தெரியும். தேடுகிறவர் "தாட்டோன்" என்று பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதாதா?

தாம்வே தம்பி

அழகாக இருக்கிறது என்று போட்டோம் அக்கா. வேறு காரணம் எதுவும் இப்போது சொல்லத் தெரியவில்லை. எடுத்துவிடுகிறேன். யாராவது ஒரு டவுன்ஷிப்பைத் தேர்ந்தெடுத்தால் அதன் எல்லையை மட்டும், தனிச் சிறு கோப்பாக, அப்போது அனுப்பினால் சரியா?

மோல்மேன் அக்கா

சரி. அதே வழியில் படங்களையும் பாருங்கள். கைபேசியில் எடுத்த படம் அப்படியே 4,000 பிக்சல் அகலத்தில் ஏறியிருக்கிறது. பட்டியலில் அதை 160 பிக்சலில் காட்டுகிறீர்கள். 320 பிக்சல் அகலத்தில் வெப்பி (WebP) என்ற சிறிய பட வடிவமாக்கி, புள்ளியைத் தொட்டுப் பெட்டி திறந்த பிறகு வரவழையுங்கள்.

இன்செயின் மாணவன்

எல்லோருக்கும் வணக்கம். கணினி படிக்கிறேன். இதையெல்லாம் ஒட்டுப்போட்டுக்கொண்டிருக்காமல் வெக்டர் டைலுக்கு மாறிவிடலாமே? அதை வரையும் மேப்லிப்ரே நூலகம் இலவசம், திறந்த மூலம். படமாக அனுப்பாமல் சாலை, ஆறு, பெயர் என்று தரவாகவே அனுப்பும், போன் வரைந்துகொள்ளும். ஸூம் செய்தால் மங்கலாகாது. பல பெரிய தளங்கள் வெக்டர் டைலில்தான் இருக்கின்றன.

மோல்மேன் அக்கா

நீங்கள் சொல்வது நல்ல வழிதான் தம்பி. நானும் மேப்லிப்ரேயில் வேலை செய்கிறேன், 2020 டிசம்பரில் மேப்பாக்ஸ் நிறுவனம் தன் வரைபட நூலகத்தின் உரிமத்தை மாற்றியபோது பழைய திறந்த மூலப் பதிப்பிலிருந்து பிரிந்து வந்தது அது. ஆனால் இந்தத் தளத்துக்கு இரண்டு தடை.

மேப்லிப்ரேயின் நிரல் சுருக்கிய பிறகும் லீஃப்லெட்டைப் போலப் பல மடங்கு. வந்த பிறகு, போனின் கிராஃபிக்ஸ் சில்லைக் கொண்டு வரையும் வெப்ஜிஎல் வேண்டும். சித்தப்பாவின் போன் போன்றவற்றில் அது இருக்கும், ஆனால் சூடாகும், பேட்டரி குடிக்கும். மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாத ஊரில் பேட்டரியும் வேகக் கணக்கில் சேர்த்திதான்.

இரண்டாவது தடை எழுத்து. இதில்தான் நான் ஒரு மாதம் போராடினேன். நான் பயன்படுத்திய பதிப்பில், வரைபடத்தின் மேலுள்ள பெயர்களை அது பிரவுசரின் எழுத்துருவைக் கொண்டு எழுதவில்லை. ஒவ்வொரு யூனிகோடு எண்ணுக்கும் ஒரு சின்ன எழுத்துப் படத்தை சர்வரிலிருந்து வாங்கி, வரிசையாகப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியது. ஆங்கிலத்துக்கு அது போதும். நம் "கோவில்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்தில் இரட்டைக்கொம்பு ககரத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் நிற்கவேண்டும். ஒட்டும் முறையில் ககரம் தனியாக நின்று, அதன் பின்னால் கொம்பும் காலும் ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு நின்றன. பர்மிய எழுத்தில் ஒன்றின் கீழ் ஒன்று அடுக்கும் மெய்கள் இருக்கின்றன, அங்கே நிலைமை இன்னும் மோசம். பீலிக்கான் கோவிலின் பெயரை அப்படி உடைந்து பார்த்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

அதிலும் ஒரு வேகக் கணக்கு இருக்கிறது. அந்த எழுத்துப் படங்கள் 256 எண்களுக்கு ஒரு கோப்பாக வரும். தமிழுக்கு 2816 முதல் 3071 வரையான கோப்பு, பர்மியத்துக்கு 4096-இல் தொடங்கும் கோப்பு, ஆங்கிலத்துக்கு முதல் கோப்பு. தடித்த எழுத்து வேண்டுமென்றால் எல்லாம் இன்னொரு முறை. மூன்று மொழிப் பெயர் காட்டும் வரைபடத்துக்கு ஆறு கோப்பு வந்த பிறகுதான் முதல் பெயர் தெரியும்.

பெகு நிலஅளவை

எழுத்து என்றதும் நினைவுக்கு வருகிறது. உங்கள் புள்ளிகள் கோப்பில் பர்மியத் தெருப் பெயர்கள் சில ஸாஜி என்ற பழைய எழுத்துக் குறியீட்டில் இருக்கின்றன, சில யூனிகோடில். 2019 அக்டோபர் 1-இல் நாடு யூனிகோடுக்கு மாறியதற்கு முன்னால் தட்டிய பட்டியல்களாக இருக்கும். இரண்டும் ஒரே எண்களை வேறு வேறு எழுத்துக்குப் பயன்படுத்துவதால் பார்த்தவுடன் பிடிபடாது. தேடும்போது கிடைக்காமல் போகும். மாற்றும் கருவிகள் இருக்கின்றன, ஆனால் மாற்றிய பிறகு ஒருவர் உட்கார்ந்து வாசித்துப் பார்க்கவேண்டும். பெகு பக்கத்துப் பெயர்களை நான் பார்த்துத் தருகிறேன்.

தாட்டோன் தோட்டக்காரர்

நான் கணினிக்காரன் இல்லை, மொளகாய் போடுகிறவன். உங்கள் தளத்தைத் திறந்தேன். முதலில் நாடு முழுதும் வருகிறது, பிறகு யாங்கோனுக்குப் பறந்து போகிறது. நான் இருப்பது தாட்டோனில். விரலால் நகர்த்தி நகர்த்தி வருவதற்குள் டேட்டா போய்விடுகிறது. நேரே நம்ம ஊருக்கு வர முடியாதா?

மோல்மேன் அக்கா

ஐயா மிக முக்கியமானதைச் சொல்லியிருக்கிறார். அந்தப் பறக்கும் காட்சி ஆறாவது ஸூமிலிருந்து பதினாலாவது ஸூம் வரை வழியில் உள்ள டைல்களையும் கேட்டுக்கொண்டே போகிறது. யாரும் பார்க்காத டைல்கள் அவை. பறப்பதை எடுத்துவிட்டு, கடைசியாகப் பார்த்த இடத்தைப் போனிலேயே நினைவில் வைத்து, அடுத்த முறை நேரே அங்கே திறங்கள். முதல் முறை வருகிறவருக்கு ஊரைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல்.

உங்கள் நிரலில் டிடெக்ட்ரெட்டினா என்ற அமைப்பும் இயங்கிக்கொண்டிருக்கிறது. கூர்மையான திரை என்று கண்டால் ஒவ்வொரு டைலுக்கும் பதிலாக அடுத்த ஸூமிலிருந்து நாலு டைலை வாங்கும். ஒரு போன் திரைக்குப் பன்னிரண்டு டைல் போதும் என்ற இடத்தில் ஐம்பதுக்குக் கிட்ட வாங்குகிறீர்கள். எண்ணிக்கை இங்கே அளவைவிட முக்கியம். நம் ஆட்களில் பலர் விபிஎன் வழியாக வருகிறார்கள், ஒவ்வொரு கோரிக்கையும் ஊர் சுற்றித்தான் போய்த் திரும்புகிறது.

அப்புறம், டைல் முகவரியில் ஏ, பி, சி என்று மூன்று துணைப்பெயர்களை வைத்திருக்கிறீர்கள். ஒரு சர்வருக்கு ஆறு இணைப்புக்கு மேல் பிரவுசர் திறக்காத எச்டிடிபி/1.1 என்ற பழைய இணைய நெறிமுறைக் காலத்து உத்தி அது. எச்டிடிபி/2-இல் ஒரே இணைப்பில் எல்லாம் வரும். மூன்று பெயர் வைத்தால் மூன்று முறை சர்வரோடு கைகுலுக்கி இணைப்புத் தொடங்க வேண்டியிருக்கும், கேஷும் மூன்றாகப் பிரியும். ஒற்றை முகவரியைப் போடுங்கள்.

இன்செயின் மாணவன்

அக்கா, அப்படியென்றால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் டைல்களை மொத்தமாக இறக்கி நம் சர்வரிலேயே வைத்துவிடலாமா? சர்வீஸ் வொர்க்கர் (பிரவுசரின் பின்னணியில் ஓடி, இணைப்பு இல்லாதபோதும் சேமித்த கோப்பைத் தரும் நிரல்) போட்டு போனிலும் சேமித்துவிட்டால் சிக்னலே வேண்டாம். ஒரு ஸ்கிரிப்ட் எழுதத் தொடங்கிவிட்டேன்.

பெகு நிலஅளவை

தம்பி, அந்த ஸ்கிரிப்ட்டை நிறுத்துங்கள். மொத்தமாக இறக்குவதையும் ஆஃப்லைனுக்காக முன்கூட்டி இறக்குவதையும் அவர்களுடைய பயன்பாட்டு விதி தடை செய்கிறது. நன்கொடையிலும் தன்னார்வலர்களாலும் ஓடும் சர்வர் அது. நிலநடுக்கத்துக்குப் பிறகு மாண்டலேயில் வீடு வீடாகச் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைந்து கொடுத்ததும் அந்த வரைபடத்தின் தன்னார்வலர்கள்தான். அவர்கள் சர்வரை நாம் சுமக்க வைக்கக் கூடாது.

கணக்கும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஸூமுக்கும் டைல் நாலு மடங்காகும். பத்தாவது நிலையில் உலகம் முழுதுக்கும் சுமார் 10.5 லட்சம், பதினெட்டாவது நிலையில் 6,872 கோடி. பர்மா என்ற சிறு பகுதியை எடுத்தாலும் கடைசி இரண்டு மூன்று நிலைகளில்தான் எல்லாச் சுமையும் இருக்கும்.

மோல்மேன் அக்கா

மாணவத் தம்பி கேட்டதற்கு முறையான வழி இருக்கிறது. டைலை எடுக்கக் கூடாதே தவிர, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவைப் பெயர் குறிப்பிட்டு யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். அந்தத் தரவிலிருந்து செய்த வெக்டர் டைல்களை புரோட்டோமேப்ஸ் என்ற திறந்த மூலத் திட்டம் ஒரே கோப்பாகத் தருகிறது. பிஎம்டைல்ஸ் என்று பெயர். டைல் சர்வர் நிரல் எதுவும் வேண்டாம், சாதாரணக் கோப்பாகச் சர்வரில் வைத்தால் போதும். பிரவுசர் "இந்த பைட்டிலிருந்து இந்த பைட் வரை கொடு" என்று தேவையான துண்டை மட்டும் கேட்டு வாங்கும். எந்தச் செவ்வகம் வேண்டும் என்று சொன்னால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டியும் எடுக்கலாம். பதினைந்தாவது ஸூம் வரை எடுத்தால் போதும். வெக்டர் என்பதால் அதற்கு மேல் போன் தானே பெரிதாக்கி வரையும். பதினெட்டு வரை போவதோடு ஒப்பிட்டால் கடைசி நிலையின் டைல் எண்ணிக்கை 64-இல் ஒரு பங்கு.

எழுத்துப் பிரச்சினை என்ன ஆகும் என்று கேட்பீர்கள். இதை லீஃப்லெட்டுக்குள்ளேயே வரைகிற புரோட்டோமேப்ஸ்-லீஃப்லெட் என்ற சிறு நூலகம் இருக்கிறது. அது வெப்ஜிஎல் இல்லாமல் பிரவுசரின் சாதாரண கேன்வாஸ் பரப்பில் வரைகிறது. கேன்வாஸில் எழுதும்போது எழுத்தைக் கோப்பது பிரவுசர்தான். அதனால் கொம்பு கொம்பின் இடத்திலும் கால் காலின் இடத்திலும் நிற்கும், பர்மிய அடுக்கும் சரியாக வரும், எழுத்துப் படக் கோப்பு ஒன்றுகூட வேண்டாம். அந்த நூலகம் இப்போது பராமரிப்பு நிலையில்தான் இருக்கிறது, புதிய வசதிகளை எதிர்பார்க்க வேண்டாம். நமக்கு வேண்டியது ஏற்கனவே இருக்கிறது.

புள்ளிகளுக்கு: 1,400 குறிகளையும் தனித்தனி எச்டிஎம்எல் உறுப்பாக வைத்தால் ஒவ்வோர் அசைவிலும் போன் திணறும். தொகுத்துக் காட்டுங்கள். ஆனால் பதினைந்தாவது ஸூமுக்கு மேல் தொகுப்பை நிறுத்திவிடுங்கள். அனவரதா சாலைப் பக்கம் காளி கோவிலும் பெருமாள் கோவிலும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. அங்கே ஒரு வட்டமும் எண்ணும் மட்டும் தெரிந்தால் வந்தவர் எதைத் தேடுவார்?

தாட்டோன் தோட்டக்காரர்

இன்னொன்று கேட்கலாமா? மாண்டலே அண்ணன் அட்டைப்பெட்டியில் எழுதினார் என்று தம்பி சொன்னாரே. அவருக்கு வேண்டியிருந்தது பெயர், தெரு, போன் நம்பர் மூன்றும்தானே. அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவருக்குத் தெரு தெரியும். நாலு வரி எழுத்து வந்திருந்தால் அவர் போயிருப்பார். படம் அப்புறம் வந்தால் போதாதா?

தாம்வே தம்பி

ஐயா, இதைப் படித்துவிட்டு வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த வாரம் முழுதும் நாங்கள் குறிகளுக்கு நிறம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தோம். பட்டியலை முதலில் வைக்கிறேன். வரைபடம் தொட்டால்தான் திறக்கும்.

தாம்வே தம்பி (மூன்று வாரம் கழித்து)

செய்ததைச் சொல்கிறேன்.

புள்ளிகள் கோப்பை மாநிலம், பிராந்தியம், நெய்பிடோ என்று 15 ஆகப் பிரித்தோம். ஊரைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பகுதிக் கோப்பு மட்டும் வரும். பக்கம் திறந்து பட்டியல் படிக்கக் கிடைக்கும் வரை இறங்குவது 60 கேபிக்குள். லீஃப்லெட்டும் வரைபடமும் "வரைபடம் காட்டு" என்ற பொத்தானைத் தொட்ட பிறகுதான். எல்லைக் கோப்பு, பறக்கும் காட்சி, பெரிய படங்கள் எல்லாம் போய்விட்டன. சித்தப்பாவின் போனில், அதே தெருவில், அதே மாலை நேரத்தில், பட்டியல் 4 விநாடி. பொத்தானைத் தொட்டால் வரைபடத்துக்கு இன்னும் 7 விநாடி. "கோவில்" ஒழுங்காகத் தெரிகிறது அக்கா.

ஒரு இடத்தில் மட்டும் இரண்டு நாள் மாட்டிக்கொண்டோம். பிஎம்டைல்ஸ் கோப்பை சர்வீஸ் வொர்க்கரில் சேமிக்கப் போனால் பிழை வந்துகொண்டே இருந்தது. மாணவத் தம்பிதான் கண்டுபிடித்தார், அவரே எழுதட்டும்.

இன்செயின் மாணவன்

துண்டு துண்டாகக் கேட்கும்போது சர்வர் 206 என்ற எண்ணோடு பதில் தருகிறது. பிரவுசரின் கேஷ் வசதி 206 பதிலைச் சேமிக்க மறுக்கும், முழுக் கோப்புக்கான 200 பதிலைத்தான் ஏற்கும். அதனால் நாடு முழுதுக்குமான கோப்பைத் துண்டாகவே படிக்க விட்டுவிட்டு, மாண்டலே, யாங்கோன், மோல்மேன், பெகு, தாட்டோன் ஐந்துக்கும் தனித்தனிச் சிறு கோப்பு வெட்டினோம். "இந்த ஊரைப் போனில் வைத்துக்கொள்" என்று ஒரு பொத்தான். தொட்டால் முழுக் கோப்பாக இறங்கிச் சேமிக்கப்படும், பிறகு அதிலிருந்தே துண்டுகளை எடுத்துக்கொள்ளும். எத்தனை எம்பி என்று பொத்தானிலேயே எழுதியிருக்கிறோம், டேட்டா பேக் போட்டிருப்பவர் பார்த்து முடிவு செய்யட்டும் என்று.

பெகு நிலஅளவை

மிக நன்று. ஆனால் சேமித்த பட்டியல் பழசாகிவிடுமே? சாலையும் ஆறும் மாதக்கணக்கில் மாறாது. குடிநீர் இடம் நாளைக்கே மாறும்.

மோல்மேன் அக்கா

இரண்டுக்கும் வெவ்வேறு விதி வையுங்கள். வரைபடக் கோப்புக்கு முதலில் போனில் உள்ளது. பட்டியலுக்கு முதலில் நெட்வொர்க், சில விநாடிக்குள் பதில் வராவிட்டால் மட்டும் போனில் உள்ளது. அப்படிப் பழைய பட்டியலைக் காட்டும்போது, அது எந்த நாள் வாங்கியது என்பதைத் தலைப்பிலேயே பெரிய எழுத்தில் போடுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் கடைசியாகச் சரிபார்த்த தேதியும் வேண்டும்.

தாம்வே தம்பி

போட்டுவிட்டேன் அக்கா. மாண்டலே அண்ணனுக்கு இணைப்பை அனுப்பியிருந்தேன். நேற்று ராத்திரி, மின்சாரம் இல்லாத நேரத்தில், பழைய போனில் திறந்து பார்த்திருக்கிறார். பட்டியல் முழுதும் வந்ததாம். உடனே போன் செய்து, அதில் இரண்டு கிணறுகளை இப்போது மூடிவிட்டார்கள், ஓர் இடத்தின் போன் நம்பர் மாறிவிட்டது என்று சொன்னார். மூன்றையும் திருத்திவிட்டேன். மற்ற ஊர்ப் பட்டியல்களில் இன்னும் 600 புள்ளிகளுக்குச் சரிபார்த்த தேதி காலியாக இருக்கிறது. பெகு ஐயா அவர் பக்கத்தை எடுத்துக்கொண்டார். மோல்மேன், தாட்டோன் பக்கம் நேரில் போய்ப் பார்க்கக்கூடியவர்கள் எந்தத் தெருக்கள் என்று இங்கேயே எழுதுங்கள்.

தாட்டோன் தோட்டக்காரர்

தாட்டோன் ரயில் நிலையத்திலிருந்து கோவில் வரைக்கும் நான் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.